நூற்றுக்கு ஏழு

பிப்ரவரி 9

கப்பலைப் பிடித்து இன்றோடு இருபத்து மூன்று நாள். கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. கரை தெரிகிறது, எந்த ஊர்க் கரை என்று தெரியவில்லை. துப்பாக்கிக்காரர்கள் கேப்டனையும் மற்றவர்களையும் மேலே கப்பலைச் செலுத்துகிற பிரிட்ஜில் அடைத்திருக்கிறார்கள். கீழே சாப்பாட்டு அறையில் நாங்கள் நான்கு பேர். இந்தத் தாள்கள் யார் கையிலாவது கிடைத்தால் தெரியட்டும் என்று பெயர்களை எழுதுகிறேன்: தேர்டு இன்ஜினியர் அறவாழி, கடலூர் (நான்). சராங் (தளத்து ஆட்களுக்குத் தலைவர்) காஸ்பர், தூத்துக்குடி. சமையல்காரர் ரஹ்மத்துல்லா, கீழக்கரை. இன்ஜின் ரூம் ஆயிலர் குணாளன், நாகப்பட்டினம்.

குணாளன் பேசி ஆறு நாள் ஆகிறது. கேப்டனை எங்கள் கண்முன் அடித்த அன்று வாயை மூடியவன்தான். கூரையிலுள்ள திருகாணிகளை எண்ணுகிறான். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குகிறான். ரஹ்மத்துல்லா பாய் கொடுத்த கஞ்சியைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டுவிடுகிறான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லூரி விடுதியில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், ஓட்டம், பார்வை, பேச்சு, துணிச்சல் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். பத்துப் பக்கமுள்ள பகடை இரண்டை உருட்டினால் ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் ஓர் எண் கிடைக்கும். அது நம் எண்ணுக்குள் இருந்தால் நினைத்தது நடக்கும், தாண்டினால் நடக்காது. இரண்டும் பூஜ்யமாக விழுந்தால் அது நூறு. எவனாலும் தப்ப முடியாது.

பகடைக்கு எங்கே போக? மேஜை இழுப்பறையில் கிடந்த, குழாய் இணைப்புக்கு வைக்கிற தடித்த கேஸ்கெட் ஷீட்டைப் பத்துத் துண்டுகளாக நறுக்கி, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதி, எனாமல் குவளைக்குள் போட்டேன். ஒன்றை எடுத்தால் பத்துகள். திருப்பிப் போட்டுக் குலுக்கி இன்னொன்றை எடுத்தால் ஒன்றுகள்.

"கடல்ல கதை வேண்டாம் சார்," என்றார் காஸ்பர். "முப்பது வருசமா இதையே பாத்தாச்சி. நம்மள கரையில விடுங்க."

மலைமேல் ஓர் ஊர் என்றேன். பனி இறங்கினால் ஆட்கள் காணாமல் போகிற ஊர். காஸ்பர் பேங்க் மேனேஜர் ஆனார். பாய் டாக்டர் ஆனார். குணாளன் பக்கம் திரும்பாமலே, "இன்னொரு ஆள் வேணுமே" என்றேன்.

வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "போஸ்ட்மேன்."

ஆறு நாளில் முதல் சொல்.

பிப்ரவரி 10

தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று குறைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12

காலையில் விளையாடினோம். பனியில் யாரோ கூப்பிடுகிற குரல். மேனேஜர் போகலாம் என்கிறார், டாக்டர் வேண்டாம் என்கிறார். போஸ்ட்மேன், "என் பைல அந்த வீட்டுக்கு ஒரு லெட்டர் இருக்கு" என்று பாறையில் இறங்கிவிட்டான். ஓட்டம் நாற்பது. குணாளன் குவளைக்குள் கைவிட்டு எண்பத்தேழு எடுத்தான். என் விதிப்படி விழுந்து செத்தான்.

துண்டைக் கையில் வைத்தபடி குணாளன் என்னைப் பார்த்தான். அவன் கண்கள் கூரைக்குப் போயின.

"கால் பிசகிடுச்சு, அவ்வளவுதான்," என்றேன். "முதல் தடவை தோற்றால் அடி மட்டும்தான் படும். இரண்டாவது தடவைதான் உயிர் போகும். சொல்ல மறந்துட்டேன்."

மறக்கவில்லை. அந்த நிமிடத்தில் உண்டாக்கிய விதி அது. காஸ்பர் தாடியைச் சொறிந்தார்.

பிப்ரவரி 15

நாள் முழுவதும் விதிகளோடுதான் போகிறது. எஞ்சின் லாக் தாள்களின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. ஒருவருக்கு இன்னொருவர் கைகொடுத்தால் பத்து கூடும். இருட்டில் பார்வை பாதி. ஒரு காரியத்தில் ஜெயித்தால் அந்த எண்ணில் ஐந்து ஏறும். பயங்கரமானதைப் பார்த்தால் துணிச்சலில் பத்து இறங்கும். இருபதுக்குக் கீழே போனவன் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான்.

பத்து அதிகம். போஸ்ட்மேன் நாற்பத்தைந்தில் தொடங்கி இப்போதே இருபத்தைந்தில் நிற்கிறான். மூன்று என்று அடித்து எழுதினேன்.

மத்தியானம் கதவை உதைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். தலையில் பச்சைத் துண்டு கட்டியவன் குவளையைத் துப்பாக்கி முனையால் தட்டிவிட்டான். எண் துண்டுகள் தரையில் சிதறின. ரகசியமாக ஏதோ செய்கிறோம் என்று சந்தேகம். ரஹ்மத்துல்லா பாய் வளைகுடாவில் சமைத்தவர், அரபி பேசுவார். பச்சைத் துண்டுக்கும் கொஞ்சம் அரபி வரும். பாய் மண்டியிட்டபடியே விளக்கினார். அவன் குனிந்து ஒரு துண்டைப் பொறுக்கினான், பார்த்தான், சிரித்தான். வெளியே போனதும் வானத்தை நோக்கி ஒருமுறை சுட்டான்.

சுட்டது ஏன் என்று பாயிடம் கேட்டேன். "சும்மா இருக்கும் தம்பி" என்றார். அவர் கைலி முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

பிப்ரவரி 19

இரண்டு நாளாக விளையாட்டிலிருந்து சாவையே நீக்கிப் பார்த்தேன். யாரும் சாக மாட்டார்கள், காயம் மட்டும்தான். குணாளனுக்கு நல்லது என்று நினைத்தேன். அவன் போஸ்ட்மேனைப் பள்ளத்தில் குதிக்கவிட்டான், நெருப்புக்குள் அனுப்பினான். பிறகு கொட்டாவி விட்டான். இன்று மறுபடியும் கூரையைப் பார்க்கத் தொடங்கினான்.

"சாவே கிடையாதுன்னா என்னத்துக்கு சார் ஓடணும்?" என்றார் காஸ்பர். "நீங்க பாவம் பாக்கிய. பாவம் பாத்தா விளையாட்டு சப்புன்னு ஆயிட்டு. பழையபடி வைங்க."

வைத்தேன். ஆனால் ஒரு புதிய விதியோடு. உயிர் போகிற கட்டம் வந்தால் எல்லோருக்காகவும் நான்தான் எடுப்பேன். குவளைக்கு முன் தட்டை நிறுத்தி மறைத்துக்கொண்டு எடுத்து, எண்ணை மட்டும் சொல்வேன். நடத்துகிறவனுக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு.

இதை இங்கே எழுதுவதில் தப்பில்லை: பூஜ்யத் துண்டை நறுக்கும்போது கத்தி நழுவிவிட்டது. அதன் ஓரத்தில் ஒரு பிசிறு. விரலால் தடவினால் தெரிகிறது. முதலில் அதை எடுத்தால் பத்துக்குள் ஓர் எண் நிச்சயம். இரண்டாவது தடவை அதைத் தொடாமல் வேறொன்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நூறாகிவிடும்.

சாயங்காலம் போஸ்ட்மேன் தொங்கு பாலத்தைக் கடந்தான். "எட்டு" என்றேன். குணாளன் மேஜையில் அடித்துக் கத்தினான். கஞ்சியை முழுசாகக் குடித்தான்.

பிப்ரவரி 24

போஸ்ட்மேன் இதுவரை ஐந்து தடவை சாவிலிருந்து தப்பியிருக்கிறான். "குணாவுக்கு ராசிக் கை!" என்கிறார் பாய். எடுப்பது என் கை என்பது யாருக்கும் நினைவில்லை.

விளையாட்டில்லாத நேரத்தில் இன்னொரு பட்டியல் போட்டேன். உண்மையான எங்களுக்கு. துணிச்சல்: காஸ்பர் எழுபத்தைந்து. பாய் அறுபது. குணாளன் பத்தில் இருந்தவன், இப்போது நாற்பது இருக்கும்.

என் பெயருக்கு எதிரே எழுதவில்லை. கதை நடத்துகிறவனுக்கு எண் கிடையாது.

பிப்ரவரி 27

செகண்ட் ஆஃபீசர் பிஸ்வாஸைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பத்து மணி இருக்கும். பன்னிரண்டுக்குக் கரையிலிருந்து இரண்டு வெடிச் சத்தம். படகு திரும்பியபோது அவர் அதில் இல்லை.

கம்பெனியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதாகப் பாய் காதில் விழுந்ததாம்.

விளையாடவில்லை. என் கை ஆடுகிறது. மாதக்கணக்கில் எஞ்சின் அதிர்விலேயே இருந்து அது நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று காஸ்பரிடம் சொன்னேன். "ஆமா சார், இருக்கும்" என்றார்.

மார்ச் 1

சாப்பிட்டது தங்கவில்லை. தண்ணீர் சரியில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 3

காலையில் பச்சைத் துண்டு வந்தான். பாயை எழுப்பி நிறுத்திப் பேசினான். பாய் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் காலைல இந்த ரூம்லேர்ந்து ஒரு ஆளு கரைக்கு வரணுமாம். கம்பெனி இறங்கி வர்ற வரைக்கும் அங்க வெச்சிருப்பாங்களாம். யாருன்னு நம்மளே முடிவு பண்ணணுமாம். பேச்ச மாத்திச் சொல்ல நான் இங்க வேணுமாம், அதனால நான் இல்லையாம்."

அவன் போனான்.

"நான் போறேன்," என்றார் காஸ்பர். "பிள்ளைய எல்லாம் தலையெடுத்தாச்சி. எனக்கு என்ன."

"அது சரியில்லைங்க சராங்," என்றான் குணாளன். "மூணு பேருக்கும் உசுரு ஒண்ணுதான். குவளை இருக்குல்ல, எடுத்துப் பாத்துருவோம். மறைக்காம, அவங்கவங்க கையால."

"பெரிய எண் வந்தவர் போகணும்," என்று நான் சொன்னேன். வேறு யாரும் வாய் திறப்பதற்கு முன் சொன்னேன்.

தட்டு வைக்கவில்லை. குவளையை மேஜை நடுவில் வைத்தோம். நான் முதலில் எடுத்தேன். பூஜ்யம். திருப்பிப் போட்டுக் குலுக்கி எடுத்தேன். ஏழு.

காஸ்பர் இருபத்திரண்டு.

குணாளன் ஐம்பத்தெட்டு.

"குடு ஏல, நான் போறேன்னு சொல்லுதேம்லா," என்று காஸ்பர் அவன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கப் பார்த்தார். குணாளன் விடவில்லை. அவன் முகம் நான் நினைத்ததுபோல் இல்லை. வெளுத்திருந்தது, ஆனால் நிலையாக இருந்தது.

"போஸ்ட்மேன் எத்தனை தடவை தப்பிச்சான் சார்?" என்று என்னைக் கேட்டான்.

"ஒன்பது," என்றேன்.

"ஒன்பது தடவை. அப்பறம் என்ன? எனக்கு ராசி இருக்குங்க."

மார்ச் 4

கொண்டுபோனார்கள். கையைக் கட்டவில்லை. படகில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

மார்ச் 5

வெடிச் சத்தம் இல்லை.

மார்ச் 6

பதினொரு மணிக்கு ஒரு சத்தம். ஒன்றுதான். படகு எஞ்சினாகவும் இருக்கலாம் என்றேன். 

குணாளன் கேட்டபடிதான் குவளையில் எடுத்தோம். எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தோம். அதிர்ஷ்டம் யாருக்கு எப்படி என்று நாம் என்ன சொல்ல முடியும்.

மார்ச் 8

குளித்து எட்டு நாள். காஸ்பர் என் சட்டையையும் சேர்த்து உப்புத் தண்ணீரில் அலசிப்போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

மார்ச் 9

தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் காஸ்பர் குவளையைக் கவிழ்த்துத் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கயிறு பிடித்துக் காய்த்த கை. அந்தக் கைக்குக்கூடப் பிசிறு தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு துண்டைக் கட்டை விரலால் திரும்பத் திரும்பத் தடவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குவளைக்குள் போட்டு, குலுக்கி, கையை விட்டு, ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பூஜ்யம். மறுபடியும் போட்டு எடுத்தார். பூஜ்யம்.

"சார்," என்றார்.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"போஸ்ட்மேனுக்கு இப்பிடித்தான் எடுத்தீயளோ?"

"ஆமா."

"அது நல்ல காரியம். நான் அப்பமே நெனச்சேன், ஒருத்தனுக்கு ஒம்போது மட்டம் விழுமான்னு. சரி, சார் பயலத் தேத்துதாருன்னு விட்டுட்டேன்." துண்டை மேஜையில் தட்டினார். "அன்னைக்கு?"

கடலில் ஒரு படகுகூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கை தானாக அதன்மேல் போய்விட்டது என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. ஆனால் பெரிய எண் போகணும் என்று சொன்னது வாய். கை இல்லை.

"அன்னைக்கும் அப்படித்தான்," என்றேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகளைக் குவளைக்குள் போட்டு, என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 10

பாயிடம் நானே சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. சோறு வடித்ததும் எப்போதும்போல எனக்கும் தட்டில் போட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேர்மையாக எடுத்திருந்தாலும் குணாளனுக்கே ஐம்பத்தெட்டு வந்திருக்கலாம். எனக்கு முப்பது, நாற்பது வந்திருக்கலாம். அவனைவிடப் பெரியதாக வர நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாய்ப்புதான். நேற்றிலிருந்து இதைத் தாளில் நாலு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 11

"பாய், பச்சைத் துண்டுகிட்ட கேளுங்க. குணாவ அனுப்பிட்டு என்னக் கூட்டிப் போகச் சொல்லுங்க."

பாய் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "கேட்டுப்புட்டா அப்பறம் மாத்த முடியாது தம்பி."

"கேளுங்க."

கேட்டார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். எவனாக இருந்தால் என்ன, இவன் ஆஃபீசர், விலை கூடும் என்றானாம். நாளைக் காலைப் படகு.

சாப்பிட முடியவில்லை. இரண்டு தடவை வாந்தி. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம். இத்தனை நாளாகப் பயம். தாள்களைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 6

எங்களை அழைத்துப்போக வந்த பெரிய கப்பலில் எழுதுகிறேன். விடுவித்துவிட்டார்கள். பாய் தாள்களை அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

கரையில் இருபத்து மூன்று நாள். கல்லடுக்கிய ஒரு கொட்டடி. கூரையில் தகரம், நடுப்பகலில் மூச்சு முட்டும். இரண்டு தடவை வெளியே இழுத்துப்போய் மண்டியிட வைத்துத் தலைக்குப் பின்னால் சுட்டார்கள். இரண்டு தடவையும் துப்பாக்கி காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. முதல் தடவை அழுதேன், கால்களைப் பிடித்தேன். அந்தச் சுவரில் யாரோ ஆணியால் கோடுகள் போட்டிருந்தார்கள், எட்டு. நான் என்னுடையதை அவற்றுக்குக் கீழே போட்டேன்.

ஆள் மாற்றிய அன்று மணலில் குணாளனும் நானும் எதிரெதிரே நடந்தோம். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவன் உதடு வெடித்திருந்தது. "சார், நீங்க எதுக்கு சார்?" என்று கேட்டான். முதுகில் தள்ளினார்கள். சொல்லவில்லை.

பிஸ்வாஸ் வரவில்லை. அவர் சட்டை மட்டும் கேப்டனிடம் வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 7

காலையில் மேல்தளத்தில் குணாளன் கம்பியைப் பிடித்து நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"குணா, அந்தப் பூஜ்யத் துண்டுல..."

"சராங் சொல்லிட்டாருங்க," என்றான். "நான் திரும்பி வந்த அன்னிக்கே."

அலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அங்க என்னையும் ஒருதடவை உக்கார வெச்சு சுட்டாங்க. எனக்கு ராசி இருக்கு, விழாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அத நம்பித்தான் எட்டு நாளும் இருந்தேன். நீங்க குடுத்த பொய்தான். அது இல்லன்னா அங்கயே புத்தி பேதலிச்சிருக்கும்." கம்பியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா என்னைய அங்க அனுப்பினதும் நீங்கதான். ரெண்டையும் எப்புடி சேத்து வெக்கிறதுன்னு எனக்குத் தெரியலைங்க. ஊருக்குப் போயி யோசிக்கிறேன். இப்பக் கேக்காதீங்க."

"சரி," என்றேன்.

அவன் காஸ்பர் இருந்த பக்கம் போனான்.

ஏப்ரல் 9

துறைமுகம். விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார். குணாளன் போய் வந்தான், பிறகு காஸ்பர், பிறகு பாய். 

என் முறை வந்தது. மின்விசிறி ஓடும் சின்ன அறை. அவருக்குத் தூக்கம் போதவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. என் பெயர், பதவி, தேதிகளைக் கேட்டு எழுதினார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"மார்ச் நாலாம் தேதி ஆயிலர் குணாளன கரைக்குக் கொண்டுபோனது. இதுல எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்காங்க." எழுதியிருந்ததைப் படித்தார்: "'அறையில் இருந்தவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவர் பெயர் வந்தது.' உங்களுக்கும் அதேதானே? கையெழுத்துப் போட்டுடுங்க, முடிஞ்சுடும்."

பேனாவை நீட்டினார். வாங்கினேன்.  மூவரும் எனக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம். மத்தியான விமானம். வேலை இருக்கும், லைசென்ஸ் இருக்கும், கடலூரில் யாருக்கும் எதுவும் தெரியாது. பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

"இல்லைங்க," என்றேன். "அந்த வரிய அடிச்சிடுங்க."

"ஏன்? தப்பா?"

"அவங்க மேல தப்பில்லைங்க. எனக்காகச் சொல்லியிருக்காங்க. நான் சொல்றதத் தனியா எழுதிக்கோங்க."

 அவர் அந்த வரியின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார்.

சொன்னேன்.